கிழிசலைத் தைத்துவிட்டோம், மாப்ள

அன்பு மாப்ள செந்தில்,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நம் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் உன் இடத்துக்கு ஆள் போடச் சொல்லி ஆபீசில் நச்சரிக்கிறார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். மேனேஜர் வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சுகம் இதுதான்.

போன வாரம் கறுப்பு டீ-சர்ட் ஆர்டர் ஒன்று வந்தது. நெஞ்சில் கிழிசல், ஓரத்தில் ஊக்கு. கிழிப்பதற்கென்றே இப்போது தனியாக இரண்டு பேர் இருக்கிறார்கள். பாட்னாக்காரர்கள், ஸ்கேல் வைத்து அளந்து கிழிக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லை.

நம் காலத்தில் இந்த விவரமெல்லாம் யாருக்குத் தெரியும்? ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் இப்படி ஒரு டீ-சர்ட்டை முதன்முதலாகச் சாம்பிளுக்கு அனுப்பியிருந்தார். கிழிந்து வந்திருக்கிறதே என்று நீ பதறி ஊக்கை எல்லாம் கழற்றினாய். நான் மிஷினில் உட்கார்ந்து மூன்று கிழிசலையும் தையல் போட்ட தடமே தெரியாதபடி அடைத்தேன். நீ அயர்ன் பண்ணி, மடித்து, கவரில் போட்டு ஆபீசுக்கு அனுப்பினாய். பாராட்டுவார்கள் என்று டீ குடிக்கக்கூடப் போகாமல் காத்திருந்தோமே, நினைவிருக்கிறதா?

ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் சார் அதை விரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "கிழிசல்தான்டா டிசைனே" என்றார். திட்டு எல்லாம் தீர்ந்த பிறகு, இப்படி உடுத்துகிற கூட்டம் ஒன்று உண்டு, அவர்களுடைய பாட்டுக்கு பங்க் ராக் என்று பெயர் என்றும் சொன்னார். எனக்குத் திட்டு மட்டும்தான் காதில் விழுந்தது. உனக்குப் பாட்டு விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என்னைப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போனாய். ஒரே ஹெட்போன், உனக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. வீடியோ நின்று நின்று வந்தது. மிஷின் பெல்ட் அறுந்தது போல ஒரு சத்தம், அதற்கு மேல் ஒருவன் கத்தினான். இரண்டு நிமிடத்தில் பாட்டே முடிந்துவிட்டது. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அவன் யாரிடமோ கோபமாக இருக்கிறான் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"மச்சா, இவனுக்குப் பாடவே வர்ல. ஆனாலும் பாடறாம் பாரு" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் உன் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. உனக்கு இருபது, எனக்கு இருபத்தொன்று. அந்த வயது இனி எங்கே கிடைக்கும்?

பிறகு நாமே ஒரு பாட்டுக் கட்டினோம். நீ ஒரு வரி, நான் ஒரு வரி. "சட்டை போவுது கப்பல்ல" என்று நீ கத்துவாய். "தெச்சவன் போறான் டவுன் பஸ்ல" என்று நான் கத்துவேன். நாற்பது மிஷின் ஓடும் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காமல் தொண்டை கிழியப் பாடிப் பழகினோம்.

அந்த வருட ஆயுத பூஜையைப் பற்றி இருபது வருடமாக உன்னிடம் நான் பேசியதில்லை. இப்போதாவது பேசுகிறேன். மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கொடுத்து, மைக் செட் போட்டிருந்தார்கள். நம் பாட்டைப் பாட நீ மேடை ஏறி, வா என்பதுபோல் என்னைப் பார்த்தாய். என்னை சூப்பர்வைசர் ஆக்குவதாக முதலாளி அன்று காலைதான் சொல்லியிருந்தார். அவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பொரிப் பொட்டலத்தைப் பிடித்தபடி நாற்காலியைவிட்டு அசையவே இல்லை.

நீ உன் வரியைப் பாடினாய். என் வரி வரும் இடத்தில் நிறுத்திக் காத்திருந்தாய். திரும்பவும் உன் வரி, திரும்பவும் நிறுத்தம். பாட்டு மறந்துவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். கடைசிவரை பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாய்.

மறுநாள் டீக்கடையில், "பொரி நல்லா இருந்துச்சா மச்சா?" என்று கேட்டாய். அவ்வளவுதான். ஒரு தடவை சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா? அன்றோடு அந்தப் பாட்டு நின்றுபோயிற்று. நான் மேனேஜர்வரை ஏறினேன். நீ செக்கிங்கிலேயே இருந்தாய்.

நேற்று உன் அமுதாவைப் பார்க்க உன் வீட்டுக்குப் போனேன். நம் கம்பெனிக்கே தையலுக்குத் திரும்ப வர ஆரம்பித்துவிட்டாள். பேச்சோடு பேச்சாக ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கடைசி வாரத்தைச் சொன்னாள். "ஒரு வரி கப்பல் கிப்பல்னு என்னமோ பாடுவாருங்ணா. அப்பறம் நிறுத்திருவாரு. மறுபடியும் ஒரு வரி. மூச்சு வாங்குதுன்னு நெனச்சு நான் தண்ணி குடுத்துட்டே இருந்தனுங்க."

மாப்ள, நான் அங்கேயே உடைந்துபோனேன். இருபது வருடம் கழித்தும் எனக்கு இடம் விட்டாயாடா?

"அது மூச்சு வாங்கினதில்ல அம்மிணி. அது எனக்கு விட்ட எடம், என்ற வரிக்கு" என்று சொல்லி, மேடைக் கதையையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உன் படத்தில் சாய்ந்திருந்த மாலையைச் சரிசெய்தாள். "அவரு வரியெல்லாம் எனக்கு மனப்பாடமுங்ணா. உங்க வரி உங்களுக்கு ஞாபகமிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை; அதே மேடையில் உன் வரியை அவளே பாடுவதாகச் சொன்னாள். கணவனை இழந்து மூன்றே மாதம் ஆனவள் விசேஷத்தில் மேடை ஏறினால் ஊர் நாலு விதமாகப் பேசும் என்றேன். "பேசட்டுமுங்க" என்றாள். உன் பெண்டாட்டிதான், சந்தேகமே இல்லை.

முதலாளி முன் வரிசையில் இருப்பார். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன் மாப்ள: அமுதா நிறுத்துகிற இடத்தில் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வரிக்கு அடுத்த வரிக்காரன்,
உன் மச்சான் கதிர்வேல்