மூக்கைத் தொட்டால் அக்கா

ஆவூர்
4.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணன் போட்ட வீட்டு வழக்கில் இருபதாம் தேதி என்னை விசாரிக்கிறார்கள். நீங்கள்தான் பக்கத்தில் நின்று சைகையில் சொல்லவேண்டும். காது கேட்காதவர்களுக்குக் கேள்வியை எழுதிக் காட்டச் சொல்லி மனுக் கொடுக்கலாமாம், பக்கத்து வீட்டு ஷீபா சொல்கிறாள். ஜெபப் புத்தகத்தை வைத்து நானாகப் படித்த எழுத்து இருக்கிறதே, கொடுக்கட்டுமா? அம்மா இருந்த இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

தங்கை
அமலோற்பவம்

திருமயம்
9.6.2024

அன்பு அமலிக்கு,

மனுவெல்லாம் எதுக்கு ஆத்தா? அதைக் கேட்டா கோர்ட்டுல எரிஞ்சு விழுவாங்க. சின்னதுலேருந்து ஒனக்கு வாயே நான்தானே? என் மூக்குத்தியைப் பாத்து, மூக்கைத் தொட்டா அக்கான்னு நீ கண்டுபிடிச்ச சைகை வேற எவளுக்குப் புரியும்? மாதாவை நெனச்சுக்கிட்டு பஸ் ஏறு.

அக்கா
ஜெபமாலையம்மாள்

ஆவூர்
22.6.2024

அக்காவுக்கு,

கோர்ட்டிலிருந்து திரும்பும்போது, கூட வந்த ஷீபா பஸ்ஸில் போனில் தட்டிக் காட்டினாள்: "ஏன்க்கா வீட்டை விட்டுக்கொடுத்தீங்க?"

வீட்டில் பங்கு வேண்டாம் என்பது உன் சம்மதம்தானா என்று ஜட்ஜ் கேட்டாராம். நீங்கள் எனக்குக் காட்டியது வேறு. "அம்மாவுக்குக் கடைசிவரை சோறு ஊட்டினது நீதானே?" அழுதுகொண்டே தலையாட்டினேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும் சொன்னீர்களாம். என் மளிகைக் கணக்கைப் பார்த்து, "கடுகைக்கூட விடமாட்டேடி நீ" என்று சைகை காட்டிச் சிரிக்கிற நீங்களா?

மனு எழுதிவிட்டேன்.

அமலோற்பவம்

திருமயம்
27.6.2024

அமலி,

கோவிச்சுக்காதே. ஜெஸ்வினுக்குத் துபாய் விசா எடுத்துத் தாரேன்னு அண்ணன் சொன்னாரு. எம்புள்ள எத்தனை நாளைக்கு வேலையில்லாம இங்கிட்டும் அங்கிட்டும் திரியும்? நீ எங்க வீட்டுக்கே வந்து இரு, ஒன்ன ராணியாட்டம் வச்சுக்கிறேன். மனு மட்டும் வேண்டாம்டி. கூடப்பொறந்தவள பொய்சாட்சின்னு நிக்க வைப்பியா?

அக்கா

ஆவூர்
12.7.2024

அக்காவுக்கு,

போன வாரம் ஜட்ஜ் என் மனுவைப் படித்துவிட்டு ஒரு தாளில் எழுதி நீட்டினார்: "இதை நீங்களே எழுதினீர்களா?" கீழே, "ஆமாம் ஐயா" என்று எழுதிக் கொடுத்தேன். என்னைத் திரும்ப விசாரிக்கப் போகிறார்கள். கேள்விகளை எழுதிக் கொடுப்பார்கள். சைகை சொல்லக் காது கேளாதோர் பள்ளி டீச்சர் ஒருவரும் வருவார். உங்களுக்கும் சம்மன் வரும்.

ஜெஸ்வினுக்கு நல்ல வேலை கிடைக்கவேண்டும் என்று பூசையில் வேண்டிக்கொண்டேன். அவன் என்ன செய்வான், பாவம்.

அந்த டீச்சர் என் சைகைகளைப் பழகிக்கொள்ள வீட்டுக்கே வந்தார். சோறு, அம்மா, வீடு எல்லாம் காட்டினேன். அக்காவை எப்படிக் காட்டுவீர்கள் என்றார். கை மூக்கு வரைக்கும் போய்விட்டது. இறக்கிவிட்டு, தாளை எடுத்து எழுதினேன்:

"அது வேண்டாம் டீச்சர். ஜெபமாலையம்மாள் என்று பேரை எழுதிக்கொள்ளுங்கள்."

அமலோற்பவம்