வசந்தாவின் காலிஃபிளவர்

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் நல்ல பனி. களை எடுத்தேன். முள்ளங்கி பரவாயில்லை. பீன்ஸ் கொடி ஏறுகிறது. காலிஃபிளவர்தான் நோஞ்சான்.

பக்கத்து வீடு வசந்தா, என் ஓரகத்தி. கொழுந்தன் இறந்த பிறகு தனியாக இருக்கிறாள். பங்காருபேட்டை சந்தையில் ஒரே ஆளிடம், ஒரே தட்டில் இரண்டு பேரும் வாங்கிய நாற்று. அவளுடையது மட்டும் முறம் முறமாக இலை.

பன்றி வருகிறதென்று இவர் அவளுக்கு வேலி போட்டுக்கொடுத்தார். வாரம் முழுக்க பெங்களூர் ரயில், வேலை. ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அதுவும் அங்கே. என் தோட்டத்தில் ஒரு குச்சி நட்டதில்லை இந்த மனுஷன்.

நவம்பர் 30

குளிர். துணி காயவில்லை. பழைய தங்கச் சுரங்கத்து மண்மேட்டுத் தூசி வேறு.

கறி வாங்கப் போனவர், திரும்பும்போது நேராக அவள் வேலியோரம்.

"இன்னா வசந்தா, அதுக்குள்ள பூ வெச்சிக்கினு கீது!"

உள்ளே வந்து என்னிடம்: "உன்னுது இன்னும் வெக்கலையா?"

குழம்பில் உப்பைக் குறைத்தேன். வேண்டுமென்றேதான். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அதற்கும் கோபம் வந்தது.

டிசம்பர் 8, திங்கள்

ஓசூரில் வசந்தா மகளுக்குப் பிரசவ வலி. அவசரமாகக் கிளம்பினாள். சாவி என் கையில்.

"அக்கா, செடிக்குக் கொஞ்சம் தண்ணி மட்டும் காட்டுங்க. நீங்க கீறீங்கன்னுதான் தெகிரியமா போறேன்."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

டிசம்பர் 11

அவள் செடியில் பச்சைப் புழு. இலைக்கு அடியில். பார்த்தேன். தண்ணீர் மட்டும்தானே காட்டச் சொன்னாள்? காட்டினேன். வந்துவிட்டேன்.

தெருவில் போன கீரைக்காரம்மா, "உங்க தோட்டமா? கண்ணு பட்டுடும்மா" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

விளக்கேற்றப் போனேன், மனம் நிற்கவில்லை. அங்கே போய்ப் பார்த்தால் இரண்டு பூ முழுக்க ஓட்டை. வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து தெளித்தேன். மிச்சப் புழுவைக் கையாலேயே பொறுக்கினேன். முதுகு விட்டுப்போயிற்று. என் பாத்தி காய்ந்து கிடக்கிறது.

டிசம்பர் 16

வசந்தா வந்துவிட்டாள். பேத்தி. நல்ல நிறமாம்.

கெட்டுப்போன பூக்களைக் காட்டினேன். புழுவை அன்றே பார்த்தும் விட்டுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். விடவில்லை அவள்.

"போனா போவுதுக்கா. நீங்க எனக்கு எவ்ளோ செஞ்சிக்கீறீங்க. வேலி கூட நீங்க சொல்லித்தானே மாமா வந்து போட்டாரு? 'உங்கக்காதான் அனுப்புச்சு'ன்னாரே."

நான் எங்கே அனுப்பினேன்?

"ஆமா வசந்தா" என்றேன்.

இவர் வந்ததும் கேட்டேன்: "இன்னாத்துக்கு என் பேர சொன்னீங்க?"

"நானா போனேன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவான். அந்தப் பொண்ணும் கூச்சப்படும். நீ அனுப்புனேன்னா கவுரதையா இருக்கும்ல." சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான்.

வசந்தா கொடுத்த பூவில் குருமா. இவர் ஒருமுறை போட்டுக்கொண்டார். நான் இரண்டு முறை. நல்ல ருசி. வயிறுதான் எரிகிறது.