நாலு பேர் பார்த்த அறிவிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் உன் மனைவியும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். இதோடு ஒரு படிவம் வருகிறது, அதனால்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் கடையைத் திறக்கப் போனால், நகராட்சி ஆள் ஒருவன் சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு நிற்கிறான். கடை இருக்கும் நம் முன்னறையின் பக்கச் சுவரில், வாசலிலிருந்து எட்டடி அளந்து ஒரு கோடு போட்டான். என்னப்பா இது என்றேன். ரோட்டை அகலப்படுத்தறாங்க, இதுவரைக்கும் இடிப்பாங்க, உங்களுக்குத் தெரியாதா என்று என்னையே கேட்கிறான். என் தையல் கடையே ஒன்பதடிதான். மீதி ஒரு அடியில் தைத்த துணியைத் தொங்கவிடலாம், தைப்பவள் நிற்க முடியாது.

நான் பேப்பர் வாங்குவது செய்திக்காக இல்லை, ஏழாம் பக்கத்துக்காக. படமே இல்லாமல் நகராட்சி அறிவிப்புகள் மட்டும் பொடி எழுத்தில் வரும். பென்சில் கோடு தெளிவாகத் தெரியும் என்று துணிமேல் வைக்கும் அளவுத்தாள் வெட்ட அதைத்தான் எடுப்பேன். வெட்டும்போதே படித்தும் விடுவேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் சைக்கிள் கடைக்காரர் இடத்தை எடுக்கப் போவதாக வந்த அறிவிப்பு, ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் முதுகுக்கு வெட்டிய தாளில் இருந்தது. கத்தரிக்கோலைக்கூட வைக்காமல் அவரிடம் ஓடினேன். அவர் கெடு நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார், கடை இன்றைக்கும் நிற்கிறது.

இந்த வருஷம் ஏழாம் பக்கம் முழுக்க மெத்தை விளம்பரம். நானும் ஒரு மடச்சி. ஊருக்கு நல்ல காலம், அறிவிக்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, மெத்தைப் படத்தின் மேலேயே பாவாடைக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தேன்.

நகராட்சிக்குப் போனேன். எழுத்தர் பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே, இப்ப பேப்பர்ல எல்லாம் போடறதில்லம்மா, வெப்சைட்லதான், உலகமே பார்க்கலாம் என்றான். உலகம் எதைப் பார்க்கிறது, எனக்கும் காட்டு என்றேன். முதலில் தலைவர் ரிப்பன் வெட்டும் படம். அப்புறம் தலைவர் மரக்கன்று நடும் படம். ஒரு சாண் கன்றைப் பிடிக்க ஏழு பேர் கை. அதற்கும் கீழே 'இதர' என்று ஒன்று, அதைத் தட்டினால் உள்ளே இன்னொரு 'இதர'. அதற்குள்ளே கிடந்தது நம் வீட்டின் தலையெழுத்து. அதையும் பக்கவாட்டில் படுக்கப்போட்டு ஏற்றியிருக்கிறார்கள். போட்ட மகராசனே கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் படித்தான். ஆட்சேபம் சொல்ல முப்பது நாளாம், அது முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதாம். நாங்க போட்டாச்சு, பார்க்காதது உங்க தப்பு என்றான். இந்த லட்சணத்துக்கு அவன் தலைக்கு மேலே 'வெளிப்படையான நிர்வாகம்' என்று பலகை வேறு. வெட்கம் என்பதை எந்த 'இதர'வில் போட்டு வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை.

அறிவிப்பின் அடியில் ஒரு கணக்கு இருந்தது. இதுவரை பார்த்தவர்கள்: 4. அவனுக்கு அதில் பெருமை. நான் விடவில்லை, யார் யார் என்று சொல்ல வைத்தேன். ஏற்றியவன் இவன், ஒன்று. சரிபார்த்த அதிகாரி, இரண்டு. இடிக்கப் போகிற காண்ட்ராக்டர், மூன்று. நாலாவது யாரென்று தெரியலம்மா, வேற யாராவது வரி கட்ட வந்தவங்களா இருக்கும் என்றான்.

வீடு வரும்வரை அதே நினைப்பு. நம் வீட்டு வரியை அந்த வெப்சைட்டில் கட்டுவது நீ. போன மாதம் திடீரென்று போன் செய்தாய். அக்கா, உன் மெஷின் எத்தனை அடி, எங்க பால்கனியில வச்சா கதவு திறக்குமா என்று கேட்டாய். நானும் சிரித்துக்கொண்டே நாலடி என்றேன். கடையை மூடிவிட்டு உங்களோடு வந்து இரு என்று எட்டு வருஷமாகச் சொல்கிறாய். அளவு கேட்டது அன்றைக்குத்தான்.

எழுத்தரையும் தலைவரையும் திட்ட எனக்கு வாய்க்குப் பஞ்சமில்லை, அவர்கள் அந்த மட்டம்தான். உன்னைத் திட்ட உட்கார்ந்தால் கை எழுத மாட்டேன் என்கிறது. எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்திருப்பாய். மனசு விட்டுப் போயிற்று, அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. உன் பால்கனியில் நான் யாருக்குத் தைப்பேன், சொல்.

படிவத்துக்கு வருகிறேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மேல்முறையீடு செய்யலாமாம். வீடு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதை மட்டும் கம்ப்யூட்டரில் அனுப்பக்கூடாதாம், தாளில் மையால் வேண்டுமாம். நான் போட்டுவிட்டேன். கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் இங்கே வந்து சேர வேண்டும்.

நாலாவது ஆள் நீயா என்று நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல வேண்டாம். சின்னவள் வளர்ந்திருப்பாள், அவள் தோள் அளவும் உயரமும் எழுதி அனுப்பு. கடை இருந்தால் கடையில் தைக்கிறேன். நீங்கள் எல்லோரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இதையும் பார்த்ததோடு விட்டுவிடாதே தம்பி.

உன் அக்கா