பஸ்ராவுக்கு ஆள் கேட்டார்கள்

செமோர் தோட்டம்
3 ஆகஸ்ட் 1920

அன்புள்ள முத்தம்மா அக்காவுக்கு,

தங்கை நவமணி எழுதுவது. மச்சானோடு சிலிபினுக்குக் குடிபோன பிறகு எங்களை மறந்தே போனாய். இங்கே அரிசி கிடைப்பதில்லை. மூன்று வேளையும் மரவள்ளிதான்.

நேற்று மச்சான் கங்காணித் தலைப்பாகையோடு எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்தார். பஸ்ராவில் மறுபடியும் சண்டையாம். பட்டாளத்துக்கு ரோடு போட ஆள் வேண்டுமாம். "ஆள் போற வீட்டுக்கு மாசாமாசம் அரிசி வரும்லா" என்றார். போன சண்டைக்கு அவர் அனுப்பியவர்களில் மாயாண்டி ஒருவன்தான் திரும்பினான். மச்சானின் குரல் கேட்டதும் அவன் ரப்பர்க் காட்டுக்குள் ஓடிவிட்டான்.

என் வீட்டுக்காரர் பெயர் கொடுக்கவில்லை. ஆனால் போகும்வரை மச்சானின் கண் அவர்மேலேயே இருந்தது. நீ சொன்னால் மச்சான் கேட்பார், அக்கா.

உன் நவமணி


சிலிபின்
9 ஆகஸ்ட் 1920

அன்புத் தங்கைக்கு,

மறக்கவில்லையடி. உனக்காக அவரிடம் பேசினேன். "ஆள் தர்றேன்னு பட்டாளத்துக்காரன்கிட்ட வாக்கு குடுத்துட்டேன். உன் தங்கச்சி புருஷன் சன்னாசியை விட்டுட்டா மத்தவன் வருவானா?" என்று என்மேல் பாய்ந்தார்.

பெயர் கொடுக்காதவர்களையும் ஏற்றப்போகிறார்கள். வியாழக்கிழமை லாரி வரும். அதற்குள் ஆண்களை எங்காவது அனுப்பிவிடு. படித்ததும் இதை அடுப்பில் போடு. யார் சொன்னதென்று சன்னாசிக்குக்கூடத் தெரியக் கூடாது.

முத்தம்மா


செமோர் தோட்டம்
14 ஆகஸ்ட் 1920

அக்கா,

நீ நன்றாயிருக்க வேண்டும். ஆண்கள் எல்லாரும் முந்தின நாளே மலைக்குப் போய்விட்டார்கள். லாரி வந்தபோது லயத்தில் நாங்கள் பெண்கள்தான். மச்சான் கதவுகளை உதைத்துக்கொண்டே வந்தார். கூட வந்த பட்டாளத்துத் துரை ஏதோ சொன்னார். மச்சானின் முகம் செத்துப்போயிற்று. பஸ்ராவில் புருஷனைப் பறிகொடுத்த ராக்காயி சிரித்துவிட்டாள். பிறகு எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மச்சானை அந்த லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். வீடு வந்து சேர்ந்தாரா? உடனே எழுது.

நவமணி


சிலிபின்
2 செப்டம்பர் 1920

நவமணிக்கு,

அவர் வீட்டுக்கு வரவில்லை. பினாங்கில் கப்பல் ஏறுமுன் ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "ஆள் இல்லேன்னா நீயே வான்னு துரை சொல்லிட்டான். போயிட்டு வாரேன். காட்டிக் குடுத்தது யாருன்னு மட்டும் விசாரிச்சு வை."

அவருடைய அக்காமார் தினமும் வந்து உட்கார்ந்து, காட்டிக்கொடுத்தவன் குடி விளங்காது என்று மண்ணை வாரித் தூற்றுகிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து தூற்றுகிறேன்.

சன்னாசி உன் பக்கத்தில் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அதை உன் கையெழுத்தில் படிக்கத்தான் முடியாது. இனி எழுதாதே.

முத்தம்மா