நாற்பத்தோராவது ஓவர்

"வெட்டின புல்லு வெள்ளரிக்காய் மாதிரி மணக்குது அக்கா" என்று போனில் சொல்வீர்களே, அது நிஜம்தான். இன்று காலை ஸ்டேடியத்துப் படியில் நானே உட்கார்ந்து முகர்ந்தேன். நீங்கள் இல்லாத முதல் ஆட்டம்.

நம் இணையக் கிரிக்கெட் குழுவில் இருநூறு பேர்; பெண்கள் நீங்களும் நானும்தான். டிவியில் வராத மாநில ஆட்டங்களுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பஸ் பிடித்துப் போவீர்கள். இடைவேளைகளில் ஸ்டேடிய வாசல் கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து, குறித்து வைத்ததைப் பந்து பந்தாக எனக்கு வாசிப்பீர்கள். அல்சூர் வீட்டில் நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி, கூட்டிச் சரிபார்த்து, தானாகக் கற்ற டைப்பிங்கில் குழுவில் போடுவேன். விளக்கேற்றாமல் நோட்டைத் திறக்க மாட்டேன் என்றதற்குச் சிரித்தீர்கள். "நீங்க முருகன்கிட்ட சொல்லுங்க, நான் மாதாகிட்ட சொல்றேன். அம்பயர்கிட்டதான் யாரும் பேச முடியாது."

ஒரு நாள் காசு தீர்ந்து நடுவில் லைன் அறுந்தது. மறுபடி கூப்பிட்டு நாற்பத்திரண்டாவது ஓவரிலிருந்து தொடர்ந்தீர்கள். கூட்டும்போதுதான் ஒரு ஓவர் விடுபட்டது தெரிந்தது. மொத்தத்தில் ஏழு ரன் இடித்தது. ஒரு பவுண்டரி, மூன்று சிங்கிள் என்று நானே பங்கிட்டுப் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் கூப்பிட்டீர்கள். "அந்த ஓவர்ல பவுண்டரியே இல்லையே அக்கா?"

"கணக்கு சரியா வருதே."

"கணக்கு சரிதான். ஆட்டம் அப்படி நடக்கலையே."

"சரி, மாத்திடறேன்."

"மாத்துங்க. ஏன் மாத்தினீங்கன்னும் எழுதுங்க."

கோபம் வந்தது. பிழையில்லாத கணக்கு ஒன்றுதான் அத்தனை ஆண்களுக்கு நடுவில் எனக்கிருந்த மரியாதை. இரண்டு நாள் சாமி முன்னால் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுதினேன்: அந்த ஓவர் என் ஊகம். குழுவிலிருந்த ஈஜிபுரா சாப்ட்வேர்க்காரர் ஒருவர் உடனே கேட்டார்: "அப்போ மத்த ஓவரெல்லாம் எந்தக் குக்கர்ல வெந்துச்சு மேடம்?" அதற்குக் கீழே உங்கள் பதில்: "தப்பை நீங்க யாரும் கண்டுபிடிக்கல. அவங்களே சொன்னாங்க. நாளைக்கும் நான் அவங்களுக்குத்தான் வாசிப்பேன்."

போன மாதம் உங்கள் பெயரிலிருந்து வந்த செய்தி உங்கள் தங்கை எழுதியது. அத்தனை வருடம் குரலாக மட்டும் தெரிந்த உங்களை முதலில் பார்த்தது உங்கள் வீட்டுக் கூடத்தில், பெட்டிக்குள். நான் நினைத்ததைவிடச் சின்ன முகம்.

இனி மாநில ஆட்டம் வேண்டாம் என்றது குழு. நான் போகிறேன் என்றேன். எழுதிக்கொள்ள முன்வந்தவர் அதே ஈஜிபுராக்காரர்.

மதியம் அவருக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். "இருபத்தாறாவது ஓவர், ரெண்டாவது பால் சொல்லலியே மேடம்?"

"பாக்கல தம்பி. வெயில் கண்ணுல அடிச்சுது."

"டோட்டலை வெச்சுப் போட்டுடலாமே?"

"வேண்டாம். நான் பாக்கலன்னே போடுங்க."

இதைச் சொல்ல ஒரு காலத்தில் எனக்கு இரண்டு நாள் ஆனது. இன்று அடுத்த ரூபாயைப் போட்டு, மூன்றாவது பந்திலிருந்து வாசித்தேன்.