மைக் முன்னால் ஒரு வேலை

பேத்தியின் தாத்தாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம், நான் இங்கே வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவை அறையில் மேலாளர் அம்மா, இஸ்திரிக்காரத் தம்பி, துணி மடிக்கும் வாயாடி, நான், நாலு பேர்தான் இருந்தோம்.

"உங்க இஷ்டத்துக்கு வேலை குடுத்தா எதைக் கேப்பீங்க?" என்றார் மேலாளர் அம்மா.

"உக்காந்து பாக்குற வேலை எதுவும் சரி" என்றான் தம்பி.

என் வாய் தானாக, "மைக்ல கூப்பிடுற வேலை" என்றது.

"பாட்டி கூப்பிட்டா செத்தவன்கூட எழுந்து வந்துடுவான்" என்று வாயாடி சிரித்தாள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்காது. கல்யாணமான மூன்றாம் மாதம், நாம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பஸ் நிலைய அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்த நிலையத்துக்கு எதிர்வீட்டில் வளர்ந்த எனக்குத்தான் எல்லா பஸ்ஸும் நேரத்தோடு மனப்பாடமாயிற்றே! ஒரு மணி நேரம் நான்தான் மைக்கில் சொன்னேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. "நாளையிலேருந்து வேலைக்கு வர்றியாம்மா?" என்று கேட்டார் அந்த அறிவிப்பாளர். உங்கள் அக்கா என் பச்சைப் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க குரல் வாசலைத் தாண்டாது" என்றார். நீங்கள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

இங்கே நோயாளிகளை எண் சொல்லிக் கூப்பிட ஆள் வேண்டுமாம். திங்கள் முதல் நான்தான். ஆனால் அதற்கு இன்னும் ஒரு வருடம் இந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எண்களைப் படிக்க என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். பேச ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிடாதீர்கள். நீங்கள் இருமுவதாவது கேட்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் நின்ற நிற்பை என்றைக்கோ மன்னித்தாயிற்று. உங்கள் அக்காவை மட்டும் மாட்டேன்.