ஆணி அடிக்காமல் நின்ற கம்பம்

வியாழன் இரவு, ராயப்பேட்டை.

காலையில் குளியலறை வாசலில் வழுக்கினேன். விழவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டில் யாரோ பார்த்துப் போன் போட்டு, அடையாறிலிருந்து மகள் வந்துவிட்டாள்.

"ஹவுஸ் ஓனர் இப்ப ட்ரில் போட ஒத்துக்கிட்டாருப்பா. சுவத்துல கைப்பிடி மாட்டிடலாம். அம்மாவோட கம்பத்தை எடுத்துடுங்க."

"சுவத்துல மாட்டினா சுவத்துக்குத்தான் தோது. எனக்கில்ல."

"உங்க பிடிவாதம் இருக்கே!"

கோபித்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

அவள் அம்மா கடைசி நாட்களில் நடக்கச் சிரமப்பட்டபோது இதே ஓனர் ஓர் ஆணிகூட அடிக்க விடவில்லை. அதனால்தான் குளியலறை வாசலருகே, தரைக்கும் கூரைக்கும் நடுவே இரும்புக் கம்பத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். நகர்த்த முடிந்ததால் தினமும் நகர்த்தினேன். அவள் நடப்பாள், நான் பார்ப்பேன். அவள் தடுமாறியது சுவர் ஓரத்தில் அல்ல, திரும்பும் இடத்தில். பயந்த கை அங்கேதான் போயிற்று. கம்பத்தையும் அங்கேயே நிறுத்தினேன். ஆணி அடிக்க விட்டிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

இன்று என் கைக்குக் கம்பம் எட்டவில்லை. எனக்கு வேறு இடம். மாலையில் நகர்த்தி வைத்து நடந்து பார்த்தேன். கையைக் கவனித்துக்கொண்டே நடந்தால் தடுமாற்றமே வருவதில்லை. நான் நடக்கும்போது கை எங்கே போகிறதென்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கம்பத்தை அவள் அம்மாவின் இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்.